ஏரிக்குக் கட்டிய வரி

படம் எடுத்து முடித்த பிறகும் அவள் ஈய அங்கியை உடனே கழற்றுவதில்லை.

தோளிலிருந்து முழங்கால் வரை தொங்கும் கனத்த அங்கி அது. கதிர் உடம்பில் படாமலிருக்க உள்ளே ஈயம் வைத்துத் தைத்தது. அந்த விலங்கு மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுக்கும் வேலைக்குச் சேர்ந்த புதிதில், அதை மாட்டிக்கொண்டாலே தோள்பட்டை இற்றுவிழும் போலிருக்கும். நாயோ பூனையோ மேசையை விட்டு இறங்குவதற்குள் கழற்றி ஆணியில் மாட்டிவிடுவாள். இப்போது அப்படியில்லை. கணவர் போன பிறகு அதை மாட்டிக்கொண்டே மேசையைத் துடைக்கிறாள், படங்களைக் கணினியில் ஏற்றுகிறாள், ஜன்னலோரம் நின்று தேநீர் குடிக்கிறாள். தோளின் மேல் ஏதோ ஒன்று கனமாக இருக்கிறது, அவ்வளவுதான். இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிலர் சிரிப்பார்கள், சிலர் கண்கலங்குவார்கள். இரண்டையும் தாங்கிக்கொள்ள அவளுக்குத் தெம்பில்லை.

கூண்டுகளைக் கழுவுகிற பெரியவர் மட்டும் ஒரு நாள் கேட்டுவிட்டார்.

"என்ன எக்ஸ்ரேக்கா, கவசம் போட்டுக்கிட்டே அலையறீங்க. யாரோட சண்டை?"

"உங்களோடதான். ரெண்டாம் நம்பர் கூண்டு இன்னும் நாறுது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மருத்துவமனையில் எல்லோருக்கும் அவள் எக்ஸ்ரேக்காதான். டாக்டருக்கும் அப்படித்தான்.

கணவர் தபால் நிலையத்தில் கடிதம் பிரிக்கும் வேலை பார்த்தவர். ஒரு காலை, வேலைக்குக் கிளம்ப ஷூ நாடா கட்டக் குனிந்தவர் நிமிரவில்லை. அப்படி ஒரு சாவு. நோயில்லை, நொடியில்லை, ஒரு சொல் இல்லை. பிள்ளைகளும் இல்லை. அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. பேருந்தில் போகும்போது கண்ணில் படுகிற பெயர்ப்பலகை ஒவ்வொன்றையும் வாய்விட்டுப் படித்துக்கொண்டே வருவார். நாளெல்லாம் முகவரி படித்த வாய் சும்மா இருக்காது. "பேசாம வாங்களேன், எல்லாரும் பாக்கறாங்க" என்று அவள் முழங்கையால் இடிப்பாள். இப்போது அதே பேருந்தில் அதே பலகைகளை அவள் மனசுக்குள் படித்துக்கொண்டு வருகிறாள். ஒன்றைத் தவறவிட்டாலும் எதையோ கீழே போட்டுவிட்டு வந்தது போலிருக்கிறது.

அன்று திங்கட்கிழமை. அவள் போய்ச் சேர்வதற்கு முன்பே கொழுந்தன் மருத்துவமனை வாசலில் நின்றிருந்தான். கணவருடைய ஒரே தம்பி. லிப்ட் பழுது பார்க்கிறவன். சட்டைப்பையில் எப்போதும் நட்டும் போல்ட்டும் கிலுகிலுக்கும். கையில் ஓர் அட்டைப்பெட்டி. மூடியில் காற்றோட்டத்துக்குத் திருப்புளியால் ஓட்டை போட்டிருந்தான்.

"அண்ணி, காலங்காத்தால வந்து நிக்கறேன்னு திட்டாதீங்க."

"பெட்டியில என்ன?"

"காட்டு வாத்து. நேத்து நம்ம எடத்துல கெடந்துச்சு. குடிகாரன் மாதிரி கழுத்தத் தொங்கப் போட்டுட்டு. கிட்டப் போனா பறக்கணும்ல? பறக்கல. என்னையவே பாத்துட்டு உக்காந்திருக்கு."

"உன் மூஞ்சியப் பாத்தும் பயப்படலன்னா நெஜமாவே உடம்பு சரியில்லதான்."

அவன் சிரித்தான். ஆனால் பெட்டியை அவளிடம் கொடுத்த பிறகும் போகாமல் நின்றான்.

"ராத்திரியெல்லாம் கூடத்துலதான் வெச்சிருந்தேன். தண்ணி வெச்சேன், குடிக்கல. பொழைச்சிக்கும்ல?"

நம்ம இடம் என்று அவன் சொன்னது ஏரியில் நாணல் மண்டிய ஒரு வளைவு. அண்ணனும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமை தோறும் தூண்டிலோடு போய் உட்கார்ந்த இடம். அண்ணன் போன பிறகு தம்பி மட்டும் போகிறான். காரியமெல்லாம் முடிந்ததும், "உனக்கு அவரோடது ஏதாவது வேணுமா?" என்று அவள் கேட்டபோது, அவன் கேட்டது தூண்டிற்கோலையும் ஒரு தகர டப்பாவையும்தான். கைக்கடிகாரத்தை நீட்டினாள். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டான்.

பெட்டியைத் திறந்ததும் பறவை தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து அவளைப் பார்த்தது. சாம்பல் நிறம், மார்பில் மங்கிய வெள்ளை. மூடாத குடை போல இரண்டு இறக்கைகளும் தொங்கின. பெட்டியின் அடியில் எச்சம் பாசிப் பச்சையாக இருந்தது. தூக்கியபோது கூடு போல லேசாக இருந்தது. மார்பெலும்பு கத்தி முனை மாதிரி கையில் குத்தியது.

டாக்டர் இளைஞர். வேகமாக நடப்பார், அதைவிட வேகமாகப் பேசுவார். பறவையைப் பார்த்ததும் பேச்சு நின்றுவிட்டது.

"அதே ஏரியா?"

"அதேதான் டாக்டர்."

"இந்தக் கோடையில இது மூணாவது. படம் எடுங்க எக்ஸ்ரேக்கா."

அவள் அங்கியை மாட்டிக்கொண்டு, வாத்தை மல்லாத்தி, இறக்கைகளை விரித்து மெல்லிய பட்டியால் மேசையோடு ஒட்டினாள். அது முரண்டு பிடிக்கவில்லை. முரண்டு பிடிக்கிற பிராணியைக் கண்டால் அவளுக்கு எரிச்சல் வரும்; முரண்டு பிடிக்காததைக் கண்டால்தான் பயம் வரும்.

படம் திரையில் எழுந்தது. உள்ளீடில்லாத எலும்புகள், காற்று நிரம்பிய மார்பு, அதற்குக் கீழே அரைவைப்பை. வாத்துக்குப் பல் கிடையாது. கரையில் பொறுக்கிய சின்னக் கற்களை விழுங்கி அந்தப் பையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். தின்ற புல்லையும் விதையையும் அந்தக் கற்கள்தான் அரைத்துக் கொடுக்கும். படத்தில் கற்கள் சாம்பலாக, மங்கலாகத் தெரிந்தன. அவற்றின் நடுவே சில புள்ளிகள் வெள்ளை வெளேரென்று இருந்தன. அவற்றில் ஒன்று பெரியது. ஒரு பக்கம் வட்டமாக, மறுபக்கம் தட்டையாக, பாதியாக உடைத்த கொண்டைக்கடலை போல. தட்டையான பக்கத்திலிருந்து ஒரு கம்பி கிளம்பி, வளைந்து, திரும்பவும் உள்ளே வளைந்திருந்தது.

"ஈயம்" என்றார் டாக்டர். "தூண்டில்ல கட்டற குண்டு. கல்லுன்னு நெனச்சு முழுங்கிடுது. கல்லோட கல்லா இதையும் அரைச்சு அரைச்சு, ரத்தத்துல கலந்து, நரம்பெல்லாம் போயிடும். மொதல்ல இறக்கை தொங்கும். அப்புறம் கழுத்து. அப்புறம் வயிறு நெறைய தீனி இருந்தாலும் செரிக்காது, பட்டினியிலயே போயிடும்."

அவள் பார்த்துக்கொண்டிருந்தது அந்தக் கம்பியை. அது ஜெம் கிளிப். காகிதத்தில் மாட்டுகிற கிளிப்பை இரண்டாக வெட்டினால் வருகிற வளைவு அது. உலகத்தில் தூண்டில் போடுகிறவர்கள் எத்தனையோ பேர். ஈயக் குண்டுக்குக் காதாக ஜெம் கிளிப்பை வெட்டி வைக்கிறவர் அவளுக்குத் தெரிந்து ஒருவர்தான்.

"என்னக்கா, ஏதாவது தெரியுதா?"

"இல்ல டாக்டர். படம் தெளிவா இருக்குதான்னு பாத்தேன்."

மதியம் வாத்துக்கு மயக்கம் கொடுத்தார்கள். வாயில் குழாய் விட்டு, தலை கீழாக இருக்கும்படி சாய்த்து, வெதுவெதுப்பான தண்ணீரைச் செலுத்தி அரைவைப்பையைக் கழுவினார் டாக்டர். அவள் உடம்பைப் பிடித்துக்கொண்டாள். உள்ளங்கைக்கு அடியில் இதயம் துடிப்பது தெரிந்தது. மணலும் கல்லும் பச்சை நாரும் வடிகட்டியில் வந்து விழுந்தன. பிறகு தேய்ந்து மிளகளவாகிப் போன ஈயத் துண்டுகள். கடைசியில் பெரியது விழுந்தபோது டக்கென்று ஒரு சத்தம்.

டாக்டர் கைகழுவப் போனதும் அவள் அதை எடுத்துத் துடைத்தாள். ஒரு பக்கம் தேய்ந்து வழவழப்பாகியிருந்தது. தேயாத பக்கத்தில் புள்ளிப் புள்ளியாகக் குழிகள்.

அந்தக் குழிகள் அவளுடைய அங்குஸ்தானின் குழிகள்.

தைக்கும்போது ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டிக்கொள்கிற, மெல்லிய தகட்டில் குழிகுழியாக அடித்த சின்னக் குப்பி. அதைத்தான் கணவர் அச்சாக எடுத்துக்கொண்டார். மருத்துவமனையின் பழைய எக்ஸ்ரே அறையை இடித்துப் புதிதாகக் கட்டிய வருஷம், கதவுக்குள் பதித்திருந்த ஈயத் தகட்டைக் கழற்றி மூலையில் போட்டிருந்தார்கள். யாருக்கும் வேண்டாத பொருள். "உங்க தூண்டிலுக்கு ஆகுமா பாருங்க" என்று அவள்தான் அதிலிருந்து சில துண்டுகளைப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தாள். அந்த மனிதர் மகிழ்ந்து போனார். பிறந்தநாளுக்குச் சட்டை எடுத்துக் கொடுத்தபோதுகூட அப்படி மகிழ்ந்ததில்லை. பின்கட்டு முற்றத்தில் அடுப்பை வைத்து, பழைய இரும்புக் கரண்டியில் ஈயத்தை உருக்கி, அங்குஸ்தானில் கால்வாசி ஊற்றுவார். இறுகுவதற்குள் அரை கிளிப்பைச் செருகுவார். ஆறியதும் கவிழ்த்து ஒரு தட்டு.

"என் அங்குஸ்தான் போச்சு" என்று அவள் சலித்துக்கொண்டாள்.

"போகல. உன் வெரலுதான் இப்ப மீன் புடிக்கப் போவுது. நீ வீட்டுலயே இரு, வெரல மட்டும் நான் கூட்டிட்டுப் போறேன்."

ஏரியில் தூண்டில் நூல் கல்லிலோ வேரிலோ சிக்கி அறுந்துவிட்டால் குண்டும் போய்விடும். அப்படிப் போகாத ஞாயிறு குறைவு. வீட்டுக்கு வந்து கால் கழுவிக்கொண்டே சொல்வார்: "இன்னிக்கு ஏரிக்கு வரி கட்டியாச்சு." மீன் கிடைக்காத நாளிலும் அதைச் சொல்லிச் சிரிப்பார்.

அவள் அந்தக் குண்டைக் கையில் வைத்துக்கொண்டு எக்ஸ்ரே அறையில் நின்றாள். தோளிலும் ஈயம், கையிலும் ஈயம். அவர் போன பிறகு அவரிடமிருந்து அவளுக்கு வந்த முதல் பொருள் அது. கனவில்கூட அவர் ஒரு நாளும் வந்ததில்லை. வந்தது இப்படித்தான், ஒரு வாத்தின் வயிற்றுக்குள்ளிருந்து.

சாயங்காலம் எல்லோரும் கிளம்பிய பிறகு, இதற்கு முன்னால் வந்து செத்துப்போன இரண்டு வாத்துகளின் படங்களைத் தேடி எடுத்தாள். அவற்றிலும் வெள்ளைப் புள்ளிகள் இருந்தன. உருண்டையாக, கடுகளவாக. முழுக்கத் தேய்ந்துபோனவை. குழியுமில்லை, கம்பியுமில்லை. அவை யாருடைய குண்டு என்று யாராலும் சொல்ல முடியாது. அவர் போட்டதாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அவள் வெகுநேரம் பார்த்துவிட்டுக் கணினியை அணைத்தாள்.

வாத்துக்கு ஊசி ஆரம்பித்தார்கள். ரத்தத்தில் கலந்த ஈயத்தைப் பிடித்து வெளியே இழுத்து வருகிற மருந்து. தின்ன மறுத்தது. குழாய் வழியாகக் கஞ்சி போனது. பெரியவர் கூண்டுக்குள் கீரையை ஆட்டிக்காட்டிப் பார்த்தார்.

"எக்ஸ்ரேக்கா, இது மாமியார் வீட்டுக்கு வந்த மருமக மாதிரி மூஞ்சியத் திருப்பிக்குது."

"புது எடம்ல. பழகட்டும்."

"பழகறதுக்குள்ள அதோட கூட்டம் கெளம்பிடும். காத்து மாறுது பாருங்க."

டாக்டரும் அதைத்தான் சொன்னார். இந்த வாத்துகள் கூட்டமாக வாழ்கிறவை. பருவம் திரும்பினால் மொத்தமாகக் கிளம்பிவிடும். பின்தங்கிய ஒற்றை வாத்து பெரும்பாலும் தேறுவதில்லை.

"கெளம்பறதுக்குள்ள இது எழுந்து நின்னா கூட்டத்தோட விட்டுடலாம். ஆனா விட்டா அங்கதான் போய் எறங்கும். மறுபடி அதே கரை, அதே கல்லு. இந்த வருஷம் தண்ணி வேற வத்திப் போயி அடிச்சேறு வெளிய வந்திருக்கு. என்னைக்கோ போட்ட குண்டெல்லாம் மேலயே கெடக்கும். ஊசியெல்லாம் வீணாத்தான் போவும்."

"அந்த எடம் எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள் அவள். "நான் போய்ப் பாக்கறேன்."

ஞாயிற்றுக்கிழமை அவள் பேருந்து ஏறி ஏரிக்குப் போனாள். கல்யாணமான புதிதில் ஓரிரு முறை வந்ததுதான். அன்று தண்ணீர் நாணலின் இடுப்பளவு நின்றது. இப்போது நாணல் காய்ந்து நிற்க, தண்ணீர் எங்கோ தள்ளிப் போயிருந்தது. நடுவில் கரிய சேறு வெடித்துக் கிடந்தது. தூரத்தில் வாத்துக் கூட்டம் தண்ணீரில் மிதந்தது. ஒன்று கத்தினால் எல்லாம் கத்தின.

கொழுந்தன் மடக்கு முக்காலியில் உட்கார்ந்திருந்தான். தூண்டிலை எட்டி எறிந்திருந்தான். காலடியில், அண்ணன் உருக்கிய குண்டுகள் இருந்த அந்தத் தகர டப்பா.

"அண்ணி! நீங்க இங்க? வாத்து...?"

"உசுரோட இருக்கு. கையக் காட்டு."

உள்ளங்கையில் குண்டை வைத்தாள். அவன் அதைத் திருப்பிப் பார்த்தான். முகம் மலர்ந்தது.

"அண்ணன் செஞ்சது. எங்க கெடைச்சுது? வீட்டுல விட்டுப் போயிருந்துச்சா?"

"நீ கொண்டுவந்த வாத்தோட வயித்துல."

தண்ணீரில் தூண்டில் மிதப்பு இரண்டு முறை முங்கி எழுந்தது. அவன் கவனிக்கவில்லை.

"மீன் இழுக்குது" என்றாள்.

"இழுக்கட்டும்."

டாக்டர் சொன்னதையெல்லாம் அவள் சொன்னாள். இறக்கை, கழுத்து, பட்டினி. அவன் குண்டைப் பிடித்த கையை மடக்கிக்கொண்டான்.

"அண்ணன் ஒருத்தனா போட்டான்? இந்தக் கரையில உக்காந்த அத்தனை பேரும் போட்டிருக்கான். நான் போடல? கடையிலயே கிலோ கணக்குல விக்கறான். ஊரே செஞ்ச பாவத்தக் கொண்டாந்து செத்தவன் தலையில வைக்கறீங்களே அண்ணி."

"யார் தலையிலயும் வைக்கல. ஈயம் கொண்டுவந்து கொடுத்ததே நான்தான். இப்ப டப்பாவக் கேக்க வந்தேன்."

அவன் குனிந்து டப்பாவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டான். நெரிசலான பேருந்தில் பிள்ளையை மடியில் வைத்துக்கொள்வது போல.

"மாட்டேன்."

"டேய்..."

"அவன் செத்தப்ப நான் அழலன்னு எல்லாரும் பேசினாங்க. நீங்களும் கேட்டிருப்பீங்க. எனக்கு அழ வரல, என்ன பண்றது? இங்க வந்து உக்காந்து, இதுல ஒண்ண எடுத்து நூல்ல கட்டுவேன் பாருங்க, அப்பதான் அண்ணன்னு ஒருத்தன் இருந்தான்னு எனக்குத் தோணும். இதையும் கொடுத்துட்டா வெறும் ஆளா உக்காந்திருக்கணும்."

அவள் முக்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். பிறகு, யாரிடமும் சொல்லாததை அவள் சொன்னாள்.

"எக்ஸ்ரே எடுக்கறப்ப ஒரு கோட்டு போடுவேன். உள்ள ஈயம். எடுத்து முடிச்சதும் கழட்டிடணும். நான் கழட்டறதில்ல. அவரு பக்கத்துல உக்காந்து தோள்ல கை போட்டா ஒரு கனம் தெரியும்ல, அந்த மாதிரி... சாயங்காலம் வரைக்கும் போட்டுட்டு இருப்பேன். பைத்தியம்னு நெனச்சிக்கோ."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். சிரிக்கவில்லை.

"அப்ப என்னைய மட்டும் ஏன் விடச் சொல்றீங்க?"

"கோட்டு ஆணியில தொங்கும். எங்கயும் போகாது. இது நூலு அறுந்தா ஏரிக்குள்ள போயிடுது."

அவன் டப்பாவைக் கொடுக்கவில்லை. அவளும் மறுபடி கேட்கவில்லை. பேருந்தில் திரும்பும்போது ஒரு பலகைகூடக் கண்ணில் படவில்லை. இறங்கவேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய், நடந்தே திரும்பி வந்தாள்.

வாரத்தின் நடுவில், மதிய வேளையில், கொழுந்தன் எண்ணெய்க் கறை படிந்த வேலைச் சட்டையோடு மருத்துவமனைக்கு வந்தான். பக்கத்துக் கட்டடத்தில் லிப்ட் நின்றுவிட்டதாம். பக்கம் என்று அவன் சொன்ன கட்டடம் ஊரின் மறுகோடியில் இருந்தது. அவள் ஒன்றும் கேட்காமல் கூண்டருகே அழைத்துப் போனாள்.

வாத்து எழுந்து நின்றிருந்தது. கால்கள் நடுங்கின. கழுத்தைத் தூக்க முயன்றது, பாதியில் தலை ஆடியது. கீழே வைத்தது. மறுபடி தூக்கியது. அவன் கம்பியைப் பிடித்துக்கொண்டு அதையே பார்த்திருந்தான்.

"இத்தனை நாளாவா இப்படி ஆடுது?"

"இப்ப தேவலாம். நீ கொண்டுவந்தப்ப ஆடறதுக்கே தெம்பில்ல."

அவன் சட்டைப்பையில் கையை விட்டு நட்டுகளைக் கிலுக்கிக்கொண்டே நின்றான். சத்தம் கேட்டு வாத்து தலையைத் திருப்பியது. கீரைத் தட்டில் மூக்கை விட்டு ஒரு இலையை இழுத்தது. தின்றதா, கீழே போட்டதா என்று சொல்ல முடியவில்லை. பெரியவர் பின்னாலிருந்து, "தம்பி, நீங்க தெனமும் வந்து நட்டு ஆட்டுங்க. கீரைச் செலவு பரவால்ல" என்றார்.

அடுத்த ஞாயிறு அவள் ஏரிக்கரைக்குப் போனபோது, அவன் முழங்கால் வரை பேண்டைச் சுருட்டிக்கொண்டு சேற்றில் நின்றிருந்தான். கையில் தோட்டத்தில் சருகு வாருகிற பல்வாரி. கரையில் மணல் சலிக்கிற பெரிய சல்லடை. முக்காலியின் மேல் டப்பா.

"நீங்க வாரினா நான் சலிக்கறேன். இல்ல நான் வாரறேன், நீங்க சலிங்க. எப்படியோ இடுப்பு ஒடியப் போவுது."

"மீன் புடிக்கறது?"

அவன் தூண்டிலைக் காட்டினான். நூலில் துருப்பிடித்த இரும்பு நட்டு ஒன்று தொங்கியது.

"லிப்ட் நட்டு. மீனுங்க சிரிக்குது. ஆனா சிரிச்சாத்தான வாயத் தெறக்கும்?"

வேலை சுலபமாக இல்லை. சேற்றை வாரிச் சல்லடையில் போட்டு, தண்ணீர் ஊற்றி அலசி, கையால் துழாவ வேண்டும். கல், கிளிஞ்சல், கண்ணாடிச் சில், மட்கிய நூல். ஈயத்தைக் கண்ணுக்கு முந்திக் கையே கண்டுபிடித்தது, அத்தனை சின்னதுக்கு அத்தனை கனம். உருண்டைக் குண்டுகள், நீளக் குண்டுகள், கடையில் விற்கிற துளை போட்டவை. யார் யாரோ கட்டிய வரிகள். அவற்றை ஒரு பழைய பெயிண்ட் டப்பாவில் போட்டுக்கொண்டே வந்தார்கள்.

வெயில் ஏறும்போது அவருடையது ஒன்று கிடைத்தது. குழிகளோடு, துருவேறிய கிளிப் காதோடு.

கொழுந்தன் அதைத் தண்ணீரில் அலசினான். "இந்த எடத்துலதான் அண்ணி அந்தப் பெரிய மீன் அத்துக்கிட்டுப் போச்சு. அண்ணன் நாலு நாளைக்கு எங்கிட்டப் பேசல. நான் இருமினதாலதான் போச்சாம்." சொல்லிக்கொண்டே வந்தவன் குரல் உடைந்து நின்றுவிட்டது. முகத்தைத் திருப்பிக்கொண்டு ஏரியைப் பார்த்து நின்றான். தோள் குலுங்கியது. அவள் சல்லடையை அலசிக்கொண்டே இருந்தாள். அலசத் தேவையில்லாமல் சுத்தமாகியிருந்த கற்களை மறுபடி மறுபடி அலசினாள்.

அதற்குப் பிறகு அவருடையவை இன்னும் சில கிடைத்தன. ஒவ்வொன்றும் கையில் படும்போது, அடுத்ததும் அவருடையதாக இருக்கவேண்டும் என்று அவள் மனம் கேட்டது. இருக்கவே கூடாது என்றும் கேட்டது. கிடைத்தால் அவர். கிடைக்காவிட்டால் வாத்துக்கு நல்லது. எந்த ஆசையோடு சேற்றில் கையை விடுகிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை.

சாயங்காலம் அவன் தகர டப்பாவைப் பெயிண்ட் டப்பாவுக்குள் கவிழ்த்தான். மருத்துவமனையில் ஆபத்தான கழிவைத் தனியாக எடுத்துப் போகிறவர்களிடம் சேர்ப்பதாக அவள் சொல்லியிருந்தாள். கடைசியாக அடியிலிருந்து கருத்துப்போன அங்குஸ்தான் உருண்டு வந்தது.

"இது உங்களுது" என்றான். பிறகு தயங்கினான். "நான் வெச்சிக்கட்டுமா? இது ஏரிக்குப் போகாது."

அவள் அதை விரலில் மாட்டிப் பார்த்தாள். உள்ளே ஈயம் படிந்து, விரல் முன்போல நுழையவில்லை. கழற்றி அவன் கையில் வைத்தாள்.

"வெச்சிக்கோ. தொட்டா கை கழுவாம சாப்புடாத."

வாத்தை விட்ட அன்று காற்று வடக்கேயிருந்து வீசியது. டாக்டர் காலையில் கடைசியாக ஒரு படம் எடுக்கச் சொன்னார். அரைவைப்பையில் சாம்பல் கற்கள் மட்டும் இருந்தன. மருத்துவமனையில் பெரியவர் போட்ட ஆற்று மணல். வெள்ளைப் புள்ளி ஒன்றும் இல்லை. இடது இறக்கை வலதைவிடச் சற்றுத் தாழ்ந்திருந்தது. "பறக்குமா?" என்று கேட்டதற்கு, "பறக்கலாம்" என்றார் டாக்டர். "கூட்டத்தோட போனா பறக்கும்னு நெனைக்கறேன். இங்கயே இருந்தா கண்டிப்பா பறக்காது."

கொழுந்தனும் அவளும் பெட்டியைக் கரையில் வைத்துத் திறந்தார்கள். வாத்து வெளியே வரவில்லை. தலையை மட்டும் நீட்டி வானத்தைப் பார்த்தது. ஏரி நடுவில் கூட்டம் இருப்புக்கொள்ளாமல் கத்திக்கொண்டிருந்தது. சில எழும்பி வட்டமிட்டு மறுபடி இறங்கின.

"போடி" என்றான் கொழுந்தன். "ஊர் போய்ச் சேர வேணாமா?"

அது இறங்கி நடந்தது. பல்வாரி கோடு போட்டிருந்த சேற்றைக் கடந்து, ஓரிடத்தில் நின்று தரையைக் கொத்தியது. எதையோ விழுங்கியது. பிறகு தண்ணீரில் இறங்கி நீந்தத் தொடங்கியது. கூட்டத்தின் ஓரத்தில் இரண்டு வாத்துகள் கழுத்தை நீட்டிக்கொண்டு சீறின. இது விலகியது, சுற்றிக்கொண்டு மறுபக்கம் போனது. கொஞ்ச நேரத்தில் எது எதென்று தெரியவில்லை. எல்லாம் சாம்பல், எல்லாவற்றுக்கும் மார்பில் மங்கிய வெள்ளை. உள்ளே பார்த்தால் மட்டும்தான் அவளால் அதை அடையாளம் சொல்ல முடியும். வெளியே பார்த்து அவளுக்குத் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து விடியற்காலை கொழுந்தன் போன் செய்து அழைத்தான். அவள் போய்ச் சேரும்போது கூட்டம் எழும்பிக்கொண்டிருந்தது. முதலில் இரைச்சல், பிறகு தண்ணீரை அடிக்கிற ஓசை, பிறகு தலைக்கு மேலே நூறு தொண்டைகள். கோணலான ஒரு கோடாகி, நேராகி, சிறுத்து, மரங்களுக்கு அப்பால் போய்விட்டது. ஏரி காதை அடைத்தது போல அமைதியானது.

"நம்மது போயிடுச்சா அண்ணி?"

"தெரியல."

அவர்கள் கரையோரம் முழுக்க நடந்து பார்த்தார்கள். நாணலுக்குள் எட்டிப் பார்த்தார்கள். தண்ணீரில் ஒரு பறவையும் இல்லை.

"அப்ப போயிடுச்சு" என்றான் அவன். அவனுக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது. "நீங்க வரல?"

"நீ போ. நான் கொஞ்சம் இருந்துட்டு வரேன்."

அவன் போன பிறகு, நாணலோரம் விட்டுவைத்திருந்த பல்வாரியை அவள் எடுத்தாள். அடுத்த பருவத்துக்கு அவை திரும்பி வரும். வளைவில் பாதிக் கரை இன்னும் வாராமல் கிடந்தது. குனிந்து வாரினாள். பல்வாரியின் பல்லில் ஏதோ தட்டியது. கையை விட்டு எடுத்து, ஓரத்துத் தண்ணீரில் அலசி, உள்ளங்கையில் வைத்துக் கனம் பார்த்தாள்.

கனமில்லை. வெறும் கல்.

அதைச் சேற்றிலேயே திரும்பப் போட்டாள். கல் அவற்றுக்கு வேண்டும்.